குறையுள்ள ஆசானைக் கொள்வதா, தள்ளுவதா?

(சங்கத்தின் பெற்றோர் அரங்கில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். பெற்றோர் அரங்கு என்றால், வடபுலத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது எங்ஙனம், தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவது எங்ஙனம் என்று பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். பனிக்கட்டியின்மேல் சறுக்கி ஆடும் கலையைப் பற்றியும், அதைக் கற்பிக்கும் ஆசான் ஒருவரின் குறைகளைப் பற்றியும் பேச வேண்டிய தேவை தில்லித் தமிழர்க்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வந்துவிட்டது. பனிக்கட்டியைச் சர்பத்துக் கடையில் மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகளோ அதன்மேல் ஒற்றைக் காலில் நின்று சுழல்கிறார்கள்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள், வயது பதின்மூன்று. ஏழு வயதில் சக்கரக் காலணி அணிந்து தொடங்கினாள். பின்னர் தில்லியை அடுத்த வணிக வளாகம் ஒன்றின் பனித்தளத்திலும், குளிர்காலத்தில் சிம்லாவிலும் பயின்றாள். ஆறு ஆண்டுகளாக அவளுக்கு ஒரே ஆசான். அந்த ஆசானை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதில் அவள் தந்தைக்கும் தாய்க்கும் கருத்து வேறுபாடு. பங்குனி முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும் என்ற நிலையில் இருவரும் நம்மிடம் வந்தார்கள். அவர்கள் இசைவுடனேயே இதை இங்கே எடுத்துரைக்கிறோம். பெயர்கள் வேண்டா. வீணை கற்பிப்பவருக்கும் கணக்குச் சொல்லித் தருபவருக்கும் இதே கேள்வி எழுகின்றது என்றாலும், பனித்தளத்தில் அது கூர்மையாக எழுகின்றது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு ஆசிரியர் ஒருவர் மனத்துக்கு ஒவ்வாவிடில் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். பனிச்சறுக்கு ஆசானுக்கு அடுத்த தெரு கிடையாது. சிம்லாவின் திறந்தவெளித் தளம் 1920இல் தொடங்கியது. இயற்கைக் குளிரில் உறையும் தளமாகையால் மார்கழி, தை மாதங்களை ஒட்டிச் சில வாரங்களே அது பயன்படும். வானம் மூடி வெப்பம் ஏறினால் அன்றைய பயிற்சி இல்லை. டேராடூனில் 2011ஆம் ஆண்டுத் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக எழுப்பிய உள்ளரங்கத் தளம் அதன்பின் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. இத்தகைய நாட்டில் இக்கலையைக் கற்பிக்க வல்லார் மிகச் சிலர். அவர்களிற் பலர் சக்கரக் காலணியிலிருந்து பனிக்கு வந்தவர்கள்.

ஆசான் பஞ்சம் வளமான நாட்டையும் வாட்டியிருக்கிறது. 1961 பிப்ரவரியில், உலகப் போட்டிக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்க அணி முழுவதும் பிரஸ்ஸெல்ஸ் அருகே விமான விபத்தில் மாண்டது. ஆட்டக்காரர்களோடு அவர்களைப் பயிற்றுவித்த ஆசான்களும் போயினர். அந்த வெற்றிடத்தை நிரப்ப இத்தாலியிலிருந்து கார்லோ பாஸி போன்றவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். விபத்தில் தம் ஆசானை இழந்த பெக்கி பிளெமிங் என்ற பெண் பின்னர் பாஸியிடம் பயின்று, 1968இல் ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.

இனி, இக்கலையில் ஆசான் செய்வது யாது? 'பிகர் ஸ்கேட்டிங்' என்ற பெயரே ஒரு விளக்கம். பனிமேல் காலால் வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் பிசகாது வரைவதே அதன் பழைய தேர்வு. அந்த உருவங்களால் வந்த பெயர் அது. 1990ஆம் ஆண்டோடு உலகப் போட்டிகளிலிருந்து உருவம் வரைதல் நீங்கிவிட்டது. தாவலும் சுழற்சியும் நடனமும் நின்றன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகடு ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் நடுவே நீளப் பள்ளம் ஒன்று ஓடுவதால் அதற்கு இரண்டு விளிம்புகள்: உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று. எந்த விளிம்பில் உடலின் பாரம் சாய்கிறது என்பதே இக்கலையின் இலக்கணம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆஸ்திரியரான அலாய்ஸ் லுட்ஸ் பெயரால் வழங்கும் தாவல் ஒன்று உண்டு. பின்னோக்கிச் சறுக்கியபடி, இடக்காலின் வெளிவிளிம்பில் நீண்ட வளைவு ஒன்றை வரைந்து, வலக்காலின் முனையைப் பனியில் குத்தி எழும்ப வேண்டும். வளைவு ஒரு பக்கம் இழுக்கிறது. உடல் அதற்கு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அருமை அதில்தான் உள்ளது. எழும்பும் கணத்தில் பாதத்தைச் சற்றே உட்புறம் சாய்த்துவிட்டால் தாவல் எளிதாகும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நடுவர் கண்ணுக்கு அல்ல. இன்றைய மதிப்பீட்டு முறையில் தவறான விளிம்பைக் குறித்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஒரு குழந்தை பத்து வயதில் உள்விளிம்பில் லுட்ஸ் பழகிவிட்டால், பதினைந்தில் அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதினும் கடினம். கால் மறக்காது.

நம் அன்பரின் மகளுக்கு நேர்ந்ததும் இதுவே. அவள் லுட்ஸ் உள்விளிம்பில் எழும்புகிறது. சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டும் வரை யாரும் சொல்லவில்லை. ஆசான் கவனிக்கவில்லையா, கவனித்தும் பொறுத்தாரா என்பது தெரியவில்லை. அவர் சக்கரத்திலிருந்து பனிக்கு வந்தவர். இரட்டைச் சுழற்சிக்கு மேல் அவர் காலே அறியாது. இது முதற்குறை. இரண்டாவது, முன்கோபம். மூன்றாவது, தம் மாணவியை வேறொருவர் பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. இவையெல்லாம் தந்தையார் எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் இருந்தன. தாயார் எழுதிக்கொண்டு வரவில்லை; ஆனால் சொன்னார். ஆறு ஆண்டுகளில் விடியற்காலைப் பயிற்சிக்கு அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. சம்பளம் இரண்டு மாதம் நின்ற காலத்திலும் வந்தார். பேசவே கூசிய குழந்தை இன்று நூறு பேர் நடுவே தனியாக நின்று ஆடுகிறாள்.

இதைக் கேட்டபோது நமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தம் நூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியராக இருக்கத் தகாதவர் யார் என்று வரையறுக்கிறார். அழுக்காறு, அவா, வஞ்சம், கேட்போர் அஞ்சப் பேசுதல் என்று சில குணங்களைச் சொல்லிப் பின் நான்கு உவமைகளைத் தருகிறார். கழற்குடம் என்பது கழற்காய் இட்ட குடம். இட்ட முறையில் காய்கள் வெளிவாரா. ஒழுங்கின்றிக் கற்பிப்பவர் அவர். மடற்பனை தன்மேல் ஏற விடாது. தானே உதிர்க்கும் பழத்தைத்தான் பொறுக்க வேண்டும். பருத்திக் குண்டிகையில் பஞ்சு சிறிது சிறிதாகவே புகும், சிறிது சிறிதாகவே வரும். முடத்தெங்கு, நீர் வார்த்தவன் முற்றத்தில் நின்றுகொண்டு அயலான் முற்றத்தில் காய் உதிர்க்கும்.

பனித்தளத்தின் ஓரத்தில் அரைநாள் நின்றவர்கள் இந்த நால்வரையும் பார்த்திருப்பார்கள். விளிம்பு பழகுமுன் தாவலைக் கற்பிக்கும் கழற்குடம் உண்டு. மாதச் சம்பளத்துக்கு ஒரு மாணவியும் பதக்கத்துக்கு வேறொரு மாணவியும் வைத்திருக்கும் முடத்தெங்கும் உண்டு. முனிவர் இவர்கள் அனைவரையும் ஒரே மூச்சில், ஆசிரியர் ஆகார் என்று தள்ளிவிட்டார். அவரோடு மாறுபடும் துணிவு நமக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். தள்ளிவிட்டு வேறொருவரைத் தேடும் வசதி அவர் காலத்து மாணாக்கனுக்கு இருந்தது போலும். நம் அன்பருக்கு இல்லை. எனவே அவர் ஒரே நூற்பாவில் அடக்கியவற்றை நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கழற்குடமும் அச்சமூட்டுபவரும் ஒரே தராசில் நிற்பவர்கள் அல்லர்.

பிரித்துப் பார்க்குமுன், உலகறிந்த சிலர் இதே கேள்விக்கு என்ன விடை கண்டார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் மிஷெல் குவான், பிராங்க் கரோல் என்ற ஆசானிடம் ஏறத்தாழப் பத்தாண்டு பயின்றார். கரோல் தாமும் பெரிய ஆசான் ஒருவரின் மாணவர். 1961 விபத்தில் மாண்ட மேரிபெல் வின்சன் ஓவன் அம்மையார் அவரைப் பயிற்றுவித்தவர். 1992இல் கரோல் வெளியூர் சென்றிருந்தபோது, சிறுமியான குவான் அவருக்குத் தெரியாமல் மூத்தோர் பிரிவுக்கான தேர்வை எழுதித் தேறிவிட்டார். திரும்பி வந்த ஆசான் சினந்தார். எனினும் அந்த உறவு நின்றது. 1996, 1998, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் நான்கு உலகப் பட்டங்கள் அந்த உறவில் விளைந்தன. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி. தங்கத்தைப் பதினைந்து வயதுத் தாரா லிப்பின்ஸ்கி கொண்டுபோனார்.

2002இல் சால்ட் லேக் நகர ஒலிம்பிக் வந்தது. அதற்குச் சில மாதங்களே இருந்தபோது, 2001 அக்டோபரில், குவான் கரோலை விட்டுப் பிரிந்தார். தம் பொறுப்பில் தாமே நிற்க விரும்பியதாகக் கூறினார். ஆசான் இல்லாமலே ஒலிம்பிக்குக்குப் போனார். முதல் ஆட்டத்தில் முன்னணியில் நின்றார். இரண்டாம் ஆட்டத்தில் ஒரு தாவலில் விழுந்தார். நான்காம் இடத்திலிருந்த சாரா ஹியூஸ் தங்கம் பெற, குவானுக்கு வெண்கலமே கிட்டியது.

"பார்த்தீர்களா, ஆசானை விட்டதன் பலன்!" என்று அன்றே பலர் சொன்னார்கள். நம் அன்பரின் துணைவியாரும் இதையே நம்மிடம் சொன்னார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறு ஆண்டு 2003இல், வேறொருவரின் துணையோடு வாஷிங்டன் நகரில் குவான் ஐந்தாம் உலகப் பட்டத்தை வென்றார். கரோலின் பக்கத்தையும் பாருங்கள். 1980இல் அவர் மாணவி லிண்டா பிராட்டியானே ஒலிம்பிக்கில் வெள்ளி. 1998இல் குவான் வெள்ளி. தங்கம் தராத ஆசான் என்று அவரை எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். 2010இல் வான்கூவரில் அவர் மாணவர் எவான் லைசாசெக் தங்கம் பெற்றார். அதே ஆசான், அதே குறை நிறைகள். ஆகையால் பதக்கத்தை வைத்து இக்கேள்விக்கு விடை காண முயல்வது வீண் என்றே நமக்குத் தோன்றுகிறது. குவான் கரோலிடமே இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாரா? எவர் சொல்ல வல்லார்?

கொரியாவின் யூனா கிம் வரலாறு இதற்கு நேர்மாறானது. கனடாவின் பிரயன் ஓர்சர், 1984இலும் 1988இலும் ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்ற வீரர். இரண்டாம் முறை மிகச் சிறு வேறுபாட்டில் தங்கத்தை இழந்தவர். ஆசான் தொழிலுக்கு அவர் புதியவராக இருந்தபோதே டொரண்டோவில் கிம்மை ஏற்றார். 2009இல் உலகப் பட்டம். 2010 வான்கூவரில் 228.56 புள்ளிகளோடு தங்கம். அந்நாள்வரை எந்தப் பெண்ணும் எட்டாத எண் அது. ஆசானும் மாணவியும் அடையக்கூடியது அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆறே மாதத்தில், ஆகஸ்டில், இருவரும் பிரிந்தார்கள்.

பிரிவைவிடப் பிரிந்த முறை உலகுக்கு அதிகம் தெரிந்தது. ஒரு தரப்பு ஒன்று சொல்ல, மறு தரப்பு அதை மறுக்க, இதழ்களும் இணையமும் நிறைந்தன. கிம்மின் போட்டியாளரான ஜப்பானியப் பெண்ணுக்கு ஓர்சர் பயிற்சியளிக்கப் போகிறார் என்ற பேச்சு முன்பே எழுந்து, அவர் அதை மறுத்ததும் உண்டு. முடத்தெங்கு என்ற ஐயம் இவ்வளவு உயரத்திலும் வருகிறது பாருங்கள்! ஆறு மாதம் முன்பு தடுப்புச் சுவரின் ஓரத்தில் நின்று மாணவியோடு தானும் துள்ளிக் குதித்த ஆசான், அறிக்கை வாயிலாகப் பேச வேண்டிய நிலை வந்ததை எண்ணினால் வருத்தமே மிஞ்சுகிறது. இதில் எவர் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நாம் குறித்துக்கொள்ள வேண்டியது, அதன்பின் இருவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள் என்பதை. கிம் தம்மைச் சிறுவயதில் பயிற்றுவித்த ஆசான்களிடமே திரும்பி 2013இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஓர்சரிடம் 2012இல் வந்த ஜப்பானின் யுசுரு ஹன்யூ, 2014, 2018 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் பெற்றார். அந்த ஹன்யூவும், கொள்ளை நோய்க் காலத்தில் ஆசான் அருகில் இல்லாமல் தாய்நாட்டில் தனியே பயின்று, 2020 டிசம்பரில் ஜப்பானியத் தேசியப் பட்டத்தை வென்றார். ஆசான் கற்பித்தது உடலில் ஏறிவிட்டால் ஆசான் இல்லாமலும் அது வேலை செய்யும் போலும்.

இதுவரை சொன்னவை மனத்தாங்கல்கள். இனிச் சொல்வது வேறு வகை.

மாஸ்கோவில் எதெரி துத்பெரீட்சே அம்மையாரின் பள்ளி, சிறுமியரை வாகையராக ஆக்குவதில் இணையற்றது. 2014இல் அவர் மாணவி யூலியா லிப்னித்ஸ்கயா பதினைந்து வயதில் அணிப் போட்டித் தங்கம் பெற்றார். 2018இல் பதினைந்து வயது அலினா சகீத்தோவாவுக்குத் தங்கம்; அதே ஆசானின் மாணவி எவ்கேனியா மெத்வேதேவாவுக்கு வெள்ளி. இரண்டு உலகப் பட்டங்கள் பெற்றிருந்த மெத்வேதேவா அவ்வாண்டே மாஸ்கோவை விட்டு ஓர்சரிடம் போனார்; 2019இல் உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார்; 2020இல் பழைய ஆசானிடமே திரும்பினார். துரூசோவா, கொஸ்தோர்னயா என்ற இருவர் 2020இல் வெளியேறி 2021இல் திரும்பினார்கள். போவதும் வருவதுமாக இருந்த அப்பள்ளியைக் கண்டு, "குறைகள் இருந்தாலும் அவரைவிட வல்லவர் இல்லை, அதனால்தான் திரும்புகிறார்கள்" என்று நம் அன்பர் வாதாடினார். வாதம் வலுவானதே.

ஆனால் மறுபக்க ஏட்டையும் புரட்ட வேண்டும். லிப்னித்ஸ்கயா 2017இல் பத்தொன்பதாம் வயதில் ஆட்டத்தையே விட்டார். உணவை மறுக்கும் நோய்க்கு அவர் சிகிச்சை பெற்ற செய்தி அப்போது வெளிவந்தது. 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், ஊக்கமருந்து வழக்கின் நிழலில் ஆட வந்த பதினைந்து வயதுக் கமீலா வலியேவா மீண்டும் மீண்டும் விழுந்து நான்காம் இடத்துக்குச் சரிந்தார். அழுதுகொண்டு தளத்தை விட்டு வந்த குழந்தையை அணைக்குமுன், ஏன் போராடாமல் விட்டாய் என்று அவர் ஆசான் வினவியதை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. ஒலிம்பிக் குழுவின் தலைவரே அந்தக் குளிர்ந்த வரவேற்பைக் கண்டு மனம் கலங்கியதாகப் பேசினார். அவ்வாண்டு ஜூனில் உலகச் சறுக்குச் சங்கம், மூத்தோர் போட்டிக்கான குறைந்த வயதைப் படிப்படியாகப் பதினைந்திலிருந்து பதினேழுக்கு உயர்த்தியது. குழந்தையின் உடல் முதிருமுன் அதிலிருந்து பதக்கத்தைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு ஓரளவேனும் தடை வந்தது. இதை நாம் ஆசானின் குறை என்று சொல்லத் தயங்குகிறோம். குறை என்பது ஒன்று இல்லாமை. இது ஒன்றைச் செய்தல்.

நம் அன்பரின் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் பட்டியலை இந்த அளவுகோலால் பார்த்தோம். விளிம்பு அறியாமை என்பது ஆசானிடம் இல்லாத ஒன்று. அதை வேறொருவரிடமிருந்து பெறலாம். பெரிய ஆசான்கள் பலரும் நடனம் அமைக்க ஒருவர், தாவலுக்கு ஒருவர், சுழற்சிக்கு ஒருவர் என்று துணைவரை வைத்திருக்கிறார்கள். எல்லாம் அறிந்த ஆசான் என்று ஒருவர் உலகில் எங்கும் இல்லை. அறியாமைக்காக அவரை நீக்குவதானால், அறிந்த ஒருவர் ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். வெளிநாட்டில் பயின்ற மற்றோர் ஆசான் ஆண்டில் சில வாரங்களே தில்லிக்கு வருகிறார். மற்ற நாற்பது வாரம் விடியற்காலையில் தடுப்புச் சுவரருகே நிற்பவர் யார்? இதை நாம் கேட்டபோது தந்தையார் விடை சொல்லவில்லை.

கோபத்தைப் பற்றிப் பெண்ணிடமே கேளுங்கள், நீங்கள் இருவரும் இல்லாத இடத்தில் கேளுங்கள் என்றோம். இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவில் அலிசா லியூ என்ற பெண் 2019இல் பதின்மூன்று வயதில் தேசியப் பட்டம் பெற்றார். ஆசான்கள் மாறினர், ஊர்கள் மாறின. 2022இல் பதினாறு வயதில் போதும் என்று விலகிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துத் தாமே திரும்பி வந்தார். முன்பு தம்மைப் பயிற்றுவித்த இருவரைத் தாமே தேர்ந்துகொண்டார்; இசையும் உடையும் பயிற்சியும் தம் விருப்பப்படி என்றார். 2025இல் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றார். பதக்கத்தை அளவுகோலாக்கக் கூடாது என்று சற்று முன் சொன்ன நாமே இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். பட்டத்தை விடுங்கள், அவர் திரும்பி வந்ததே நமக்குப் போதுமான செய்தி.

பெண்ணின் அத்தை கேட்டார். "கோபிப்பார், அத்தை. எதற்காகக் கோபிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் பயமில்லை" என்றாளாம் குழந்தை. தன் எடையைப் பற்றியோ உடலைப் பற்றியோ அவர் ஒருபோதும் பேசியதில்லை என்றும் சொன்னாள். பவணந்தியார் சொன்ன அச்சமூட்டுதல் இங்கே இல்லை. இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மறுநாளே காலணியைக் கழற்றச் சொல்லியிருப்போம்.

கடைசியாக ஒன்று கேட்டோம். கால் வலிக்கிறது என்று அவள் சொன்ன நாளில் அந்த ஆசான் என்ன செய்தார்? தாயார் தயங்கினார், தந்தையார் தலை கவிழ்ந்தார். பின்பு தாயாரே சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாநிலப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் கணுக்காலில் வலி. ஆசான் கீழே அமர்ந்து அவள் காலணியின் கயிற்றைத் தம் கையால் அவிழ்த்துவிட்டு, ஆறு வாரம் தளத்தில் கால் வைக்கக் கூடாது என்றாராம். நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று, விடுமுறையும் எடுத்தாயிற்று, ஒரு மாத்திரை கொடுத்து ஆட வைக்கலாமே என்று வாதாடியவர் தந்தையார்தாம். அன்று ஆசான் பேசிய கடுஞ்சொல்லும் பட்டியலில் 'முன்கோபம்' என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றிருந்தது!

இவ்வாண்டு அவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொன்னோம். ஆனால் லுட்ஸை அப்படியே விட்டுவிட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெண் இன்னும் இரண்டு அங்குலம் வளர்வாள். வளர்ந்தபின் திருத்தம் இன்னும் அரிதாகும். கோடையில் மற்றோர் ஆசான் வரும் வாரங்களில் விளிம்புப் பயிற்சி அவரிடம்; அதுவரை லுட்ஸ் தாவலே வேண்டா. இதை ஆசானிடம் மறைத்துச் செய்யக் கூடாது. பிறர் வாயிலாகவும் தெரிவிக்கக் கூடாது. இருவரும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. அவர் மறுத்தால் அப்போது பிரியலாம்; போட்டிக்குச் சில மாதம் இருக்கையில் அன்று, பருவம் முடிந்தபின்.

சென்ற வாரம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆசான் முகம் சுருங்கியதாம். இரண்டு நாள் விடை இல்லை. மூன்றாம் நாள், விளிம்புப் பயிற்சிக்கு இசைவதாகவும், தாவல்களைத் தொட விடமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மற்றவர் வரும் நாள்களில் தாமும் வந்து ஓரத்தில் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். விளிம்பைத் தொட்டுவிட்டுத் தாவலைத் தொடாமல் இருப்பது எப்படி என்று தந்தையார் நம்மைக் கேட்கிறார். அது நியாயமான கேள்வி. போட்டி நாளில் அவள் அருகே யார் நிற்பது என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

வேறு பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளின் பரத ஆசான், நீச்சல் ஆசான் பற்றியும் கேட்க விரும்புவதாகத் தலைவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். சிற்றுண்டிக்கு முன் கால் மணி நேரம் இருக்கிறது, கேளுங்கள்.